கும்டாவில் சூரியன் தாமதம்

பொம்மனஹள்ளி
செவ்வாய்க்கிழமை

என் ஆசைக் கண்ணு ஐரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். சேசுவுக்கே புகழ். இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் அப்பா முழு நலம், நான் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். மீதிக் கால் பங்கு எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இத்தனை காகிதம். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். எப்படிச் சொல்வது? நீ கூப்பிட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் போனை நடு ஹாலில் டீப்பாய் மேல் வைத்துவிட்டு எதிரில் கைகட்டி உட்கார்ந்துகொள்கிறார், நடுவில் நான் ஒரு தடவை இருமினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அதனால் எதிர்வீட்டு அதிதியிடம் கொடுத்தனுப்புகிறேன். தன் அண்ணன் கல்யாணத்துக்கு வந்திருந்தவள் வியாழக்கிழமை உங்கள் ஹாலிஃபாக்ஸுக்கே திரும்பிப் போகிறாளாம். ரசப்பொடிக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவில் உறை இருக்கும், பிரித்துப் பார். அதில் என்ன என்று அப்பா கேட்டார், ரசப்பொடிக்கு அளவு எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அது அவரிடம் சொன்ன பொய், உன்னிடம் சொன்னது இல்லை, அதனால் கணக்கில் வராது.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? அப்பா அனுப்பிய எண்களைப் பார்த்தேன், மூன்று ஊரில் பெங்களூரில்தான் அம்மாவுக்கு மூச்சு நன்றாக இருக்கிறது, அப்புறம் எதற்குக் கடற்கரை, கிறிஸ்துமஸுக்கு நான் பெங்களூருக்கே டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்றாய். அப்படியே, காரைக்காலும் கடல், கும்டாவும் கடல், இரண்டும் வெயில் ஊர், இதில் பத்து பத்து நாள் தங்கி ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டாய். அப்பா முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம் பொம்மசந்திரா ஃபேக்டரியில் வால்வுகளைச் சோதித்த மனிதரிடம், பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு சாமான்களை ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாமா? அவர் வேலையே அதுதானே. நீ இருக்கிற இடமும் கடற்கரைதான், ஆனால் அந்தக் குளிர்க் கடலில் காலை விட்டால் கால் திரும்பி வராது என்று போன வருஷம் நீயே சொன்னாய். கடல் என்றால் எல்லாம் ஒரே கடல் இல்லை கண்ணு. உனக்கு ஒழுங்காக விளக்கி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. கடைசியில் ஒரு குற்றமும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

செப்டம்பரில் நான் நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேனே, அப்போது ஷ்ரேயா டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த ஊர்க் குளிர், ஓசூர் ரோட்டுத் தூசி, போதாததற்குப் பூக்கிற மரங்கள், மூன்றும் சேர்ந்து இந்த அம்மாவின் நெஞ்சை ஒரு வழி பண்ணுகின்றன, அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வெதுவெதுப்பான கடற்கரை ஊர் எதிலாவது கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் உடனே தலையை ஆட்டினேன். டாக்டர் எதிரில் தலையாட்டுவதற்கும் வீட்டுக்கு வந்து செய்வதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் உன் அப்பா அன்றைக்கே நீள நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். இடம் இரண்டு. ஒன்று காரைக்காலில் டிரேவர் சித்தப்பா வீட்டு மாடி. இன்னொன்று அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த சேஷகிரி அங்கிள், ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரான கும்டாவுக்கே போய்விட்டாரே, அவர் தோட்டத்தில் இருக்கிற சின்ன ஓட்டு வீடு. வருஷத்தில் எந்த மாதங்களில் தங்கப்போகிறோமோ அந்த மாதத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று நவம்பரில் காரைக்கால், ஜனவரியில் கும்டா. காலை மதியம் மாலை மூன்று வேளையும் வெயில் எத்தனை டிகிரி, காற்று எந்தத் திசை, ஈரம் எவ்வளவு, அப்புறம் அந்த மூச்சை அளக்கிற மீட்டரில் நான் ஊதினால் முள் எங்கே நிற்கிறது, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, தினமும் காலையில் நான் ஊதி முடித்ததும் தனக்கென்று வைத்திருக்கிற வாய்க்குழாயை மாட்டி அவரும் ஒரு தடவை ஊதுவார். நானூற்றுப் பத்து. காரைக்காலில் நானூற்றுப் பத்து, கும்டாவிலும் நானூற்றுப் பத்து, வீட்டிலும் அதே. உங்களுக்கு என்ன வீசிங்கா, எதற்கு ஊதுகிறீர்கள் என்று கேட்டால் ஒரு சிரிப்பு. வயதானால் ஆண்பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது ஒரு விளையாட்டு வேண்டியிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

முதலில் காரைக்கால். காவிரி ஓடி ஓடிக் களைத்துப்போய்க் கையில் இருந்ததையெல்லாம் கீழே போட்ட இடம் அது, அதனால் தட்டையோ தட்டை. சித்தப்பாவின் மொட்டைமாடிதான் அந்தத் தெருவுக்கு மலை. கடலும் அப்படியே, கோடு போட்டது போல ஒரே நீட்டு, பாறை கிடையாது, வளைவு கிடையாது. ஆனால் நல்ல பிள்ளை போல இருக்கிறதே என்று நாலு அடி உள்ளே வைத்தால் திடீரென்று பள்ளம், அலையும் முரட்டு அலை. அப்பா கணுக்கால் வரைக்கும் நனைத்துவிட்டு ரிஜெக்ட் என்று கரையேறிவிட்டார். சூடு என்று பார்த்தால் பகலில் இருபத்தெட்டு, இருபத்தொன்பதுதான், பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது ஈரம். இந்த நாட்டுக்கே மழை முடிந்து குடையை மடித்து வைக்கிற சமயத்தில்தான் அந்தப் பக்கத்துக்கு மழை தொடங்குகிறது, அதுவும் வடகிழக்கிலிருந்து, கடலைத் தாண்டி வருகிற காற்றோடு. பத்து நாளில் ஏழு நாள் மழை. துவைத்த துண்டு மூன்று நாள் ஆகியும் காயவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர், பிஸ்கட்டை மென்றால் சத்தமே வராது, கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பச்சையாக ஒரு படம், அது தினமும் கொஞ்சம் வளர்ந்தது. நாலாம் நாள் அப்பா ஸ்கேலை வைத்து அதையும் அளந்தார். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, நவம்பர் டிசம்பர் மட்டும்தாண்ணே இப்படி, பிப்ரவரியில வந்து பாருங்க, சொர்க்கம் மாதிரி இருக்கும் என்றார். பிப்ரவரியில நாங்க மூட்டை கட்டிடுவோமேடா என்றார் இவர். சித்தப்பா அதற்குப் பழிவாங்கிவிட்டார். அப்பா அந்த ஊரிலும் விடியற்காலையில் ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு நடக்கப் போனாரா, தெருவே வாசலில் நின்று பார்த்தது, ஒன்றுமில்லை எங்க அண்ணன் பெங்களூரு என்று சித்தப்பா வீடு வீடாக விளக்கம் சொன்னார்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், காரைக்காலில் எல்லாம் நம் ஜனம். மீன்காரி தமிழில் திட்டுகிறாள், சித்தி தினம் ஒரு மீன் சமைத்தாள், கோயிலில் தமிழ்ப் பூசை. பெங்களூரில் முப்பத்தொன்பது வருஷமாகப் பாட்டுக் குழுவில் பாடுகிறவள் என்று சித்தப்பா ஃபாதரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை என்னை அவர்கள் குழுவிலேயே இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். எல்லாப் பாட்டும் எனக்குத் தெரிந்த பாட்டு. வரிக்கு வரி வாய் அசைந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள், திரும்ப வருகிறேன்.

இப்போது கும்டா. வரைபடத்தில் பார்த்தால் காரைக்கால் வலது ஓரம், கும்டா இடது ஓரம், பெங்களூர் நடுவில் மாடியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறது. அங்கே மலை கடல் வரைக்கும் இறங்கி வருகிறது ஐரின். நம் கைவிரல்களை விரித்து மேசைமேல் வைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி சிவப்புப் பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, விரலுக்கு விரல் நடுவில் கொஞ்சம் கொஞ்சம் மணல். கடல் சாது, முழங்கால் அளவுத் தண்ணீரில் ரொம்ப தூரம் நடக்கலாம். ஆனால் காரைக்கால் கடல் போல நின்ற இடத்தில் நிற்காது, காலையில் ஒரு இடம் மாலையில் ஒரு இடம் என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். அப்பா அதை அளக்கிறேன் என்று தண்ணீரின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை அடையாளத்துக்குப் போட்டுவிட்டு இளநீர் குடிக்கப் போனார், திரும்பி வந்தால் நாற்காலி அரபிக்கடலில் மிதந்துகொண்டு போகிறது. சேஷகிரி அங்கிள், அலெக்ஸ் சாரே அது என் நாற்காலி என்றார்.

மழை அங்கே நேர்மாறு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் வானமே தெரியாதாம், கடலிலிருந்து வருகிற மேகம் மலையில் இடித்து மொத்தத்தையும் அங்கேயே கொட்டிவிடுமாம், ஜூலையில் ஒரு தடவை வந்து பாருங்கள் அப்புறம் மழை என்ற சொல்லையே எடுக்கமாட்டீர்கள் என்று அங்கிள் மிரட்டினார். அந்த நாலு மாதத்தில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு ஜனவரியில் ஒரு சொட்டு கிடையாது. பத்து நாளும் துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. விடியற்காலையில் மலையிலிருந்து கடலுக்கு மெல்லிசாக ஒரு காற்று, கழுத்தில் துண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். பதினோரு மணிக்கு அதே காற்று திரும்பிக் கடலிலிருந்து வீட்டுக்கு வரும். மதியம் முப்பத்து மூன்று டிகிரி. பொம்மனஹள்ளியில் இருபத்தேழு ஆனாலே ஃபேனுக்கு அடியில் நின்று பாவசங்கீர்த்தனம் பண்ணுகிற ஆள், முப்பத்து மூன்றில் பனியனோடு தோட்டத்தில் உட்கார்ந்து புளிப்பான கோகம் பழச் சர்பத் குடித்துக்கொண்டு, பரவாயில்லை டோரா என்றார். மீன் எல்லாம் நம் மீன்தான், காரைக்காலில் சித்தி புளி ஊற்றிக் கொதிக்கவிட்ட அதே கானாங்கெளுத்தி இங்கே பங்குடே என்று பெயர் வைத்துக்கொண்டு தேங்காய் அரைத்த குழம்பில் கிடக்கிறது. பூசை மட்டும் கொங்கணியில். ஒரு வார்த்தை புரியவில்லை, சரியான இடத்தில் எழுந்து சரியான இடத்தில் முழங்கால் போட்டேன். பாட்டுக் குழுவில் ஏழு பெண்கள், அவர்கள் பாட்டு நோட்டை எட்டிப் பார்த்தால் கொங்கணி, ஆனால் கன்னட எழுத்து. எழுத்து எனக்குத் தெரியும், அர்த்தம் ஆண்டவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே போன மறுநாள் நடந்ததை எழுதாவிட்டால் கை அரிக்கும். ரயிலில் வந்த அலுப்பில் முதல் நாள் நான் வீட்டிலேயே படுத்துவிட்டேன், அப்பா மட்டும் சாயங்காலம் அளக்கிறேன் என்று கடற்கரைக்குப் போய்வந்தார். மறுநாள் ஐந்தரை மணிக்கு என்னை எழுப்பினார், வா சூரியோதயம் பார்க்கலாம் என்று. ஃபிளாஸ்கில் காபி, அங்கிளின் மீதி இரண்டு நாற்காலி, தலையில் மங்கி கேப். மணலில் நாற்காலியைக் கடலைப் பார்த்துப் போட்டு, நோட்டைத் திறந்து, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாம் பார்த்த கடல் எல்லாம் என்ன? வேளாங்கண்ணி, காரைக்கால், மெரீனா. சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் வரும், வேறெங்கே இருந்து வரும்? எனக்கு நாற்காலியில் உட்கார்ந்த உடனே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை, அதைச் சொல்லிக் கெடுத்துக்கொள்வேனா? ஆறரை, ஆறே முக்கால், ஏழு. எங்கும் வெளிச்சம் வந்துவிட்டது, சூரியனை மட்டும் காணோம். அப்பா நோட்டில் ஏதோ எழுதினார், எட்டிப் பார்த்தேன், சூரியன் தாமதம் என்று எழுதியிருந்தது. அப்போது மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள், சூரியனுக்கு என்றார் இவர் படு மரியாதையாக. அந்த அம்மா சிரிக்கவில்லை, கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எங்கள் முதுகுக்குப் பின்னால் மலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். திரும்பினால், மலைக்கு மேலே தென்னை மரத்து உச்சியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஐயோ ஐரின், நான் சிரித்த சிரிப்பு. வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர, காபி புடவையில் கொட்ட, நாற்காலியோடு சாய்ந்து மணலில் விழுந்து அங்கேயும் சிரித்தேன். உன் அப்பா மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, இப்போது குற்றம். அப்பா உனக்கு அனுப்பிய எண்களில் பெங்களூர் இருநூற்று எண்பது, காரைக்கால் இருநூற்று நாற்பது, கும்டா இருநூற்று முப்பது என்று இருக்கிறதல்லவா, மூன்றும் பொய். அப்பா எழுதிய பொய் இல்லை, நான் ஊதிய பொய். காரைக்காலிலும் கும்டாவிலும் பாதி மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு ஊதினேன். இங்கே வீட்டில் ஊதுவதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இன்ஹேலரை இரண்டு தடவை அடித்துக்கொண்டு வந்து ஊதினேன். முள் துள்ளிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். அக்டோபரிலிருந்து பிப்ரவரி என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார், அதற்குள் என்ன வருகிறது பார். திருவருகைக் காலம் வருகிறது, கிறிஸ்துமஸ் வருகிறது, புது வருஷப் பூசை வருகிறது. கல்யாணமாகி இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்த நாலாவது மாதத்திலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் தவறாமல் நம் கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறேன், நீ வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோதும் நின்றேன். அந்த இடத்தை விட்டுப் போனால் அடுத்த வருஷம் அங்கே வேறு யாரோ நிற்பார்கள், அப்புறம் நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறவள். எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. இரண்டு கிறிஸ்துமஸாக நான் பாடவே இல்லை. முதல் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தேன். ஒரு வரி முடிவதற்குள் நெஞ்சுக்குள் விசில் வந்துவிடும், அது மைக்கில் கேட்குமே என்று பயம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது, அவ்வளவு அழகாக அசைப்பேன். நீ போன கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா குரல்தான் தனியாகக் கேட்கிறது என்று சொன்னாயே, அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. என் மூச்சு ஒரு ஊரைக் கேட்கிறது, மனசு இன்னொரு ஊரைக் கேட்கிறது, நான் மனசுக்காகக் கள்ள ஓட்டு போட்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அப்பா கேஸ் சிலிண்டர் புக் பண்ண வெளியே போயிருந்தபோது பேனா தேடி அவர் மேசையைத் திறந்தால் அந்த நோட்டு. எண்களின் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன், பின்பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டு எழுதியிருந்ததை இதுவரை பார்த்ததில்லை. முதல் வரி என்ன தெரியுமா? தினமும் நான் ஊதினால் நானூற்றுப் பத்து, ஆகவே கருவி சரி, ஊதுபவர் சரியில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குக் கீழே பொம்மனஹள்ளி, ஊதுவதற்கு முன் பாத்ரூமில் குழாய்ச் சத்தம் என்று தேதி போட்டு வரிசையாக. காரைக்கால் ஞாயிறு பூசை, பாடவில்லை, வாய் மட்டும், வீட்டில் போலவே. போலவே என்று எழுதியிருக்கிறார் ஐரின். இரண்டு வருஷமாக அவருக்குத் தெரியும். கும்டா பக்கத்தைப் பார்த்தேன். துணி உலர்த்தும்போது பாட்டு, மூன்று சரணம், நடுவில் நிற்கவில்லை. மீன் கழுவும்போது பாட்டு. மாடிப்படி இல்லை, ஆனால் மேட்டுத் தோட்டத்துக்குப் பேசிக்கொண்டே ஏறினாள். நான் பாடினேனா? எனக்கே தெரியாது, கண்ணு. ஒரு ஞாபகமும் இல்லை.

அப்புறம் அந்த நாள். காலை 7.10, என்னைப் பார்த்துச் சிரித்தாள், மூன்று நிமிடம் நாற்பது வினாடி, தரையில் விழுந்தும் சிரித்தாள், இருமல் இல்லை என்று எழுதி இருமல் இல்லை என்பதன் அடியில் இரண்டு கோடு. வீட்டில் அரை நிமிடம் சிரித்தாலே நான் தண்ணீர் டம்ளரைத் தேடுவேன் என்பது உனக்குத் தெரியுமே. சரி, மனிதர் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்திலும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே முந்தின நாள் பக்கத்தைத் திருப்பினேன். முதல் நாள் சாயங்காலம் தனியாகப் போனாரே, அந்தப் பக்கம். சூரியன் கடலில் இறங்கிய நேரம் 6.20 என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரியும். கடல் மேற்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, மறுநாள் விடியற்காலையில் எழுந்து, மங்கி கேப் போட்டு, மேற்கே பார்த்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், நான் சிரிக்கிறேனா, சிரித்தால் இருமுகிறேனா என்று பார்க்க. நான் அவரை வைத்து வேடிக்கை பார்க்கிறேன் என்று நினைத்தேன், அவர் என்னைச் சோதனை மேசையில் வைத்திருக்கிறார். நோட்டின் கடைசி வரி இது, அப்படியே எழுதுகிறேன்: முடிவு நிலுவையில். பாட்டுக் குழுவை விட்டுவிட்டு வா என்று என் வாயால் சொல்லமாட்டேன். அவளே சொல்லட்டும்.

நோட்டை இருந்தபடியே வைத்து மேசையை மூடினேன். அழுதேனா என்று கேட்காதே.

புதன்கிழமை காலை

நேற்று எழுதியதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன், இப்போது முடித்துவிடுகிறேன், சாயங்காலம் அதிதி வாங்கிக்கொள்ள வருவாள். இன்றைக்குக் காலையில் நான் பாத்ரூமுக்குப் போகவில்லை. நேராக வந்து மீட்டரை எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் சேர்த்து ஊதினேன். இருநூற்றுப் பத்து. இவ்வளவுதான் உண்மை. இத்தனை நாள் ஊதியதிலேயே இதுதான் குறைச்சல். அப்பா எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்து எழுதினார், எழுதிவிட்டுப் பக்கத்தில் ஓ.கே. என்று போட்டார். அந்த நோட்டிலேயே முதல் ஓ.கே. அதுதான் ஐரின், கடல் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் பாட்டுக் குழுவில் நானே சொல்லிவிடுகிறேன், அக்டோபர்ல சேஷகிரி சார் வீட்டை ரெடி பண்ணச் சொல்லுங்க என்றேன். அவர் தலையாட்டினார். பழக்கம் போகுமா, தன் வாய்க்குழாயை மாட்டித் தானும் ஊதினார். முந்நூற்று இருபது. இன்னொரு தடவை ஊதினார், முந்நூறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த மீட்டர்ல ஏதோ கோளாறு டோரா என்றார். கருவி சரி, ஊதுபவர் சரியில்லை என்றேன் நான்.

அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதனால் கண்ணு, பெங்களூருக்கு டிக்கெட் போட்டிருந்தால் மாற்றிக் கோவாவுக்குப் போடு, அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான் கும்டா. கிறிஸ்துமஸ் பூசையில் அந்த ஏழு பெண்களோடு எட்டாவதாக என்னை நிற்கவைக்க மாதாவிடம் வேண்டிக்கொள், கடைசி வரிசையாக இருந்தாலும் சரி, இந்தத் தடவை நிஜமாகப் பாடுவேன். ரசப்பொடியை ஈரம் படாமல் வை, வாரத்தில் மூன்று நாளாவது சமைத்துச் சாப்பிடு, பனியில் வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. ஆண்டவர் உன்னைக் கையில் வைத்துக் காப்பாற்றட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. டிசம்பரில் விடியற்காலை ஐந்தரைக்கு அப்பா உன்னை எழுப்பி, வா சூரியோதயம் பார்க்கலாம் என்று கடற்கரைக்குக் கூப்பிடுவார். எதிர்க்கேள்வி கேட்காமல் கிளம்பி வா. மேற்கே பார்த்து நாற்காலி போடுவார், நாமும் மேற்கே பார்த்தே உட்காருவோம். சூரியன் மெதுவாக வரட்டும், எனக்கு அவசரம் இல்லை.

இப்படிக்கு
இனி ஒழுங்காக ஊதப்போகிற உன் அம்மா
டோரதி அலெக்சாண்டர்